கணக்கு டீச்சர் வாங்கிய வீடு

வீடு வாங்க நினைப்பவர்கள் முதலில் நல்ல செருப்பு வாங்கிக்கொள்ளட்டும். நாங்கள் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு பார்த்தோம். எனக்குச் செருப்பு தேய்ந்தது, என் மனைவிக்கு முட்டி தேய்ந்தது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை. நான் பல் செட் செய்கிறவன், உட்கார்ந்தே வேலை. அதனால் அலுப்பு, களைப்பு என்ற வார்த்தைகளை வீட்டில் எடுக்க எனக்கு உரிமை கிடையாது என்பது அவள் கட்சி.

எங்களுக்கு ஒரே பெண். ஆரம்பப் பள்ளியை முடிக்கப் போகிறாள். அதற்கு மேல், குடியிருக்கும் தெரு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் இடம். யார் காலில் விழுந்தாலும் மாற்ற முடியாது. ஆகவே பெண் வகுப்பு மாறுவதற்குள் நாங்கள் வீடு மாறியாக வேண்டும். நல்ல பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் பஸ் இல்லை. பஸ் இருக்கிற இடத்தில் பள்ளிக்கூடம் சரியில்லை. இரண்டும் இருக்கிற இடத்தில் விலையைக் கேட்டதும் நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

வீடு காட்டிய தரகருக்கு இடுப்பில் எப்போதும் சாவிகள் குலுங்கும். சாவிக்கொத்து என்றுதான் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர், என் மனைவி வேலை பார்க்கும் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டைத் திறந்துவிட்டார். வெளிச்சமான இரண்டு படுக்கையறை. சமையலறையில் இரண்டு பேர் நின்றாலும் இடிக்காது. எனக்கு ரயில் நிலையம் பக்கம். அவள் நடந்தே பள்ளிக்குப் போகலாம், மத்தியானம் வந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டுக்கூடப் போகலாம். விலையும் எங்கள் கைக்கு எட்டுகிற விலை. நான் மனசுக்குள் கட்டிலைப் போட்டுப் படுத்தே விட்டேன்.

“ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லிடறேன்,” என்றார் சாவிக்கொத்து. “பொண்ணு படிக்கணும்னா இந்தப் பக்கம் வேணாங்க. இங்க இருக்கிற ஸ்கூல் சரியில்ல. விவரம் தெரிஞ்சவங்க யாரும் அங்க சேர்க்க மாட்டாங்க.”

பாவம், அது என் மனைவி வேலை பார்க்கும் பள்ளி என்று அவருக்குத் தெரியாது. என் மனைவி குழாயைத் திறந்து தண்ணீர் வரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளியைப் பற்றி என் அண்ணன் ஒருமுறை கிண்டலாக ஏதோ சொல்லப்போய், மாதக்கணக்கில் அவனோடு பேசாமல் இருந்தவள் அவள். சாவிக்கொத்துக்கு இன்றைக்கு நேரம் சரியில்லை என்று நினைத்து நான் கொஞ்சம் ஒதுங்கிக்கூட நின்றேன்.

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப எந்தப் பக்கம் நல்லதுங்க?” என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே, நீயே பாடம் நடத்தும் பள்ளியில் நம் பெண் படித்தால் என்ன குறைந்துவிடும் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அறிவியல் டீச்சர் போய் வெகுநாள் ஆகிறது, புது ஆள் வரவில்லை. மழை வந்தால் இரண்டு வகுப்பை ஒரே கூடத்தில் உட்காரவைக்க வேண்டும். விளையாட்டு நேரத்தையும் பிடுங்கிக் கணக்கு நடத்துகிறாள், அப்படியும் பாதிப் பிள்ளைகள் பின்னத்தில் தடுமாறுகின்றன. பெற்றோர் கூட்டத்துக்குக் கூட்டம் இவள்தான் எழுந்து நின்று, நம்பி விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறாள். அதைச் சொல்லும்போது அது உண்மைதான் என்றாள்.

“அந்த ஆள் சொன்னது பொய்யா இருந்தா அங்கயே சட்டையப் பிடிச்சிருப்பேங்க,” என்றாள். “பொய் இல்லையே.”

பெற்ற மனம் பித்து என்பார்கள். இவளுக்குப் பித்துகூட இல்லை, தெளிவாக இருந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஊரின் மறு கோடியில், நல்ல பள்ளியின் எல்லைக்குள், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு வீட்டை வாங்கினோம். அந்தச் சமையலறையில் ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போக முடியும். பெண் நடந்தே பள்ளிக்குப் போனாள். எனக்கு ஒரே ரயில். மிச்சத் தூரம் முழுவதும் என் மனைவி தலையில் விழுந்தது: ஒரு பஸ், ஒரு ரயில், மறுபடி ஒரு பஸ். விடிவதற்கு முன்பே தலைமுடியைப் பின்னக்கூட நேரமில்லாமல் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஓடுவாள். இருட்டிய பிறகு வந்து, செருப்பைக் கழற்ற உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள். மடியில் பை, பையில் திருத்தாத விடைத்தாள்கள். எழுப்பிச் சாப்பிடச் சொன்னால் என்மேல் எரிந்து விழுவாள். நானும் பதிலுக்கு விழுவேன். அந்த வருடம் நாங்கள் இரண்டு பேரும் நல்ல வார்த்தை பேசியது குறைவு.

சாப்பிடும்போது பெண் தன் பள்ளிப் புராணத்தை ஆரம்பிப்பாள். ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கு ஒரு நுண்ணோக்கி. பாட்டுக்குத் தனி டீச்சர். நூலகத்தில் தரையில் படுத்துக்கொண்டு படிக்கலாமாம். என் மனைவி கேட்டுக்கொண்டே இருப்பாள். வயிறு நிறைந்த முகமும் அதுதான், வயிறு எரிந்த முகமும் அதுதான். எங்கே குடியிருக்கிறாள் என்று தன் பள்ளியில் மட்டும் அவள் மூச்சு விடவில்லை.

அடுத்த வருடத்துக்கு எங்கள் பெண்ணின் பள்ளியிலேயே கணக்கு டீச்சர் இடம் காலி என்று தெரிந்தது. நான் விடவில்லை. ஒற்றைக் காலில் நின்றேன். நீ படுத்துவிட்டால் இந்த வீடும் வேண்டாம் அந்தப் பள்ளியும் வேண்டாம் என்றேன். மாட்டேன் மாட்டேன் என்றவள், ஒருநாள் ரயிலில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், முதல் வகுப்பைத் தவறவிட்டாள். அன்று ராத்திரி விண்ணப்பித்தாள். இடம் கிடைத்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று நானே சமைத்தேன். அது சந்தோஷமாகச் சாப்பிடும்படி இல்லை என்பது வேறு விஷயம்.

பழைய பள்ளியில் அவளுக்குக் கடைசிப் பெற்றோர் கூட்டம். அவளுடைய புத்தகங்களைச் சுமந்துவர நானும் போயிருந்தேன். வகுப்பின் பின்பக்கம் நின்று அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் போன பிறகு ஒரு அம்மா பெண்ணோடு வந்தார். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர் என்று என் மனைவி முன்பே சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு எங்கள் பெண்ணின் வயசு. பின்னமே வராமல் இருந்து, இந்த வருடம்தான் கணக்கில் கரையேறியவள்.

அந்த அம்மா ரொம்பத் தயங்கிக் கேட்டார். “டீச்சர், நீங்க அந்தக் கோடியில வீடு வாங்கியிருக்கீங்கன்னு சொல்றாங்க. உங்க பொண்ணு அங்கதான் படிக்குதா?”

“ஆமாம்மா.”

“நல்ல ஸ்கூலா?”

“நல்ல ஸ்கூல்.”

எனக்குக் கயிறு கையில் நின்றுவிட்டது. அந்த அம்மா கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். தன்னால் அங்கே வாடகைகூடக் கொடுக்க முடியாது, முடிந்திருந்தால் தானும் போயிருப்பேன் என்று சாதாரணமாகச் சொன்னார். பிறகு பெண்ணின் தோளில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“அடுத்த வருஷமும் இவளுக்கு நீங்கதானே டீச்சர்?”

ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பள்ளி திறக்கும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

“இல்லம்மா,” என்றாள் என் மனைவி. “நானும் அங்கயே போறேன்.”

அந்தப் பெண் அம்மாவை நிமிர்ந்து பார்த்தது.

“சரி டீச்சர்,” என்றார் அந்த அம்மா. “நல்ல டீச்சருங்க நல்ல ஸ்கூலுக்குத்தானே போவாங்க.”

குத்தலாகச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார். பெண்ணிடம், டீச்சருக்கு நன்றி சொல்லு என்றார். அதுவும் சொன்னது. இரண்டு பேரும் போனார்கள்.

பஸ், ரயில், பஸ் என்று வீடு வரும்வரை என் மனைவி தூங்கவில்லை. பெட்டி என் மடியில் கனத்தது. இனி இந்த அலைச்சல் இல்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது, அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, அந்த அம்மா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, விடு என்றேன்.

“திட்டியிருக்கலாங்க,” என்றாள். “வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தா, நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.”