தேங்காய் உடைத்த படம்

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் புத்தி சொல்வது நான்தான். வதந்தியை அனுப்பாதீர்கள், அடுத்தவர் படத்தைக் கேட்காமல் போடாதீர்கள் என்று நீட்டி முழக்குவேன். டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் கிளார்க் வேலை. நாலு கேஸ் பார்த்தவள் என்ற மிதப்பு. அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் தன் அம்மாவோடு குடியிருந்தாள். பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. வருடா வருடம் கான்ட்ராக்டைப் புதுப்பித்தால்தான் அதுவும். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் தைப்பூச ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். நல்லபடியாக முடிந்தது. ஆனால் இங்கே விடுமுறை தைப்பூசத்தன்றுதான். ரதம் புறப்படுவது அதற்கு முந்தின நாள். எனக்கு முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் லீவு கிடைத்துவிடும். அவள் கேட்டபோது, ஏற்கெனவே நிறையப் பேர் எடுத்துவிட்டார்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். கிளினிக்கில் வயிற்றுவலி என்று சொல்லி, எம்சி வாங்கிக்கொண்டாள். டாக்டர் தரும் அந்த விடுப்புச் சீட்டுக்காக ஒரு தடவையாவது பொய் சொல்லாதவர்கள் இந்த ஊரில் குறைவு. நானும் சொல்லியிருக்கிறேன்.

அன்று காலை இருவரும் சேர்ந்தே போனோம். ரதம் எங்களை நெருங்கியபோது அவள் மஞ்சள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தேங்காய்க் குவியலுக்கு முன்னால் போய் நின்றாள். முதல் காயை ஓங்கியபோது கிளிக் செய்தேன். வாய் திறந்திருந்தது, முடி அவிழ்ந்திருந்தது, காய் கையை விட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தது. என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அது. அங்கேயே நின்று பேஸ்புக்கில் போட்டேன். "இன்று காலை, ரதத்துக்கு முன்" என்று மேலே எழுதினேன். எம்சி விஷயம் எனக்குத் தெரியும். போடும்போது நினைவில் இல்லை, அது சத்தியம். அதற்குப் பிறகு நடந்ததற்கு மறதியைச் சாக்குச் சொல்ல முடியாது.

பதினொரு மணிக்கு, எனக்கு முன்பே வீடு திரும்பியிருந்த அவள் போன் செய்தாள்.

"அக்கா, அந்தப் படத்த எடுத்துருங்க லா. நான் இன்னிக்கி எம்சி. சூப்பர்வைசர் பாத்தா என் கதை முடிஞ்சிச்சு."

"ஐயோ, ஆமால்ல. இப்பவே எடுத்துறேன் மா" என்றேன்.

எடுக்கத்தான் பேஸ்புக்கைத் திறந்தேன். அதற்குள் பெரிய தமிழ்ப் பக்கம் ஒன்று என் படத்தைப் பகிர்ந்திருந்தது. யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள் "தெய்வீகம்" என்றும், "யார் எடுத்த படம் இது" என்றும் எழுதியிருந்தார்கள். ஆபீசில் என் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஆளில்லை. இங்கே ஊரே கேட்கிறது. ஃபேக்டரியில் யார் இதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள், சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டேன். பிறகு தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்தேன். நிமிடத்துக்கு ஒரு முறை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் சாயங்காலம்தான் எடுத்தேன். வெட்கக்கேடு என்னவென்றால், எடுக்கும் முன் அந்த லைக்குகள் வீணாகிவிடக் கூடாதே என்று திரையை ஸ்கிரீன்ஷாட் வேறு எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் லிஃப்ட் வாசலில் அவள் சொன்னாள். சூப்பர்வைசர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, தன் போனில் படத்தைக் காட்டினாராம். கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்களாம்.

"போன வருஷப் படம்னு சொல்லிப் பாத்தேங்க்கா. 'இன்று காலை'ன்னு எழுதியிருக்கே, அது என்னன்னு கேட்டாரு."

"யாரு மா காட்டிக் கொடுத்திருப்பா?" என்று கேட்டேன். நானேதான் கேட்டேன்.

"தெரியல க்கா. நீங்க உடனே எடுத்துட்டீங்க, அதுக்குள்ள எவனோ பாத்துட்டான். நான் பொய் சொன்னதும் தப்புதானே."

இல்லை, உடனே எடுக்கவில்லை என்று சொல்ல அப்போது எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. லிஃப்ட் வந்தது. ஏறிக்கொண்டேன்.

வாடகை குறைவு என்று அவர்கள் எங்கள் தீவை விட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸுக்குப் போய்விட்டார்கள். சில மாதம் கழித்து, அம்மாவின் கண்ணைக் காட்டத் தீவுக்கு வந்தவர்கள் எங்கள் மார்க்கெட்டுக்கும் வந்திருந்தார்கள். கீரை வாங்கிக்கொண்டிருந்த என் கையை அம்மா பிடித்துக்கொண்டார்.

"புள்ள சொல்லுச்சு மா, அது கேட்ட உடனே படத்த எடுத்துட்டியாமே. நீ நல்லா இருக்கணும். அந்தப் படத்த நான் பாக்கவே இல்ல. அப்ப கண்ணுல கட்டு. இருக்கா?"

இருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை. போனை நீட்டினேன். அம்மா கண்ணைச் சுருக்காமல் பார்த்தார். மகளின் முகத்தைத் திரையில் விரலால் தடவினார். படம் நகர்ந்து அடுத்தது வந்தது. நான் சேர்த்தே வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட் அது: அதே படம், கீழே லைக்குகள், மேல் மூலையில் நேரம் 4:52.

அம்மாவுக்கு அது புரியவில்லை. தோளுக்குப் பின்னால் நின்ற மகள் பார்த்தாள். திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பஸ் வந்துரும் மா, வாங்க" என்று அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கி, என் கையில் தராமல் கீரைக் கட்டுகளின் மேல் வைத்தாள்.

அம்மா மட்டும் திரும்பித் திரும்பி எனக்குக் கை காட்டிக்கொண்டே போனார்.