ரேடியோ தட்டாத பக்கம்

அந்த நாளிதழ் அலுவலகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை வாய் ஓயாது. நிருபர்கள் எழுதிக் கொடுத்ததை அவள் உரக்க வாசிக்க, எதிரே இருக்கும் பிழைதிருத்துபவர் அச்சுப் பிரதியைப் பார்த்துத் திருத்துவார். பேனா அவருக்கு மட்டும்தான். அதனால் அவருக்கு நீதிபதி என்று பட்டம். சிவப்பு மையில் அவர் ஒரு கோடு போட்டால் மேல்முறையீடு கிடையாது.

நீதிபதிக்கு வினை கம்ப்யூட்டர் உருவத்தில் வந்தது. வந்த புதிதில் கம்ப்யூட்டர் என்றே எழுதினார்கள். அடுத்து வந்த ஆசிரியருக்குத் தமிழ்ப்பற்று பொங்கியதில் அது கணிப்பொறி ஆனது. அவருக்கு அடுத்தவர் பொறியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கணினி என்றார். இப்போது வந்திருக்கும் இளவட்ட ஆசிரியரோ, "ஜனங்க வாயில என்ன வருதோ அதையே எழுதுங்க" என்று சுற்றறிக்கை அனுப்பி, மறுபடி கம்ப்யூட்டரிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். கடவுச்சொல் பாஸ்வேர்டு ஆனது, செயலி ஆப் ஆனது. மின்னஞ்சல் மட்டும் மின்னஞ்சலாகவே இருக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்கும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

இத்தனை குட்டிக்கரணம் போட்ட நீதிபதிக்குக் கடைசியில் எல்லாமே சரியாகத் தெரிய ஆரம்பித்தது. எந்தச் சொல்லும் கண்ணை உறுத்தவில்லை. எல்லாம் ஒரு காலத்தில் அவரே திருத்திப் போட்டவைதானே! அதனால் ரேடியோ ஒரு வேலை செய்தாள். வலது கை விரல் வாசிக்கும் வரியைத் தொடர்ந்து போகும். இன்றைய சுற்றறிக்கைக்கு ஒவ்வாத சொல் வந்தால், இடது கை விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு. உடனே அவர் பேனா அங்கே நிற்கும். வருஷக் கணக்கில் இப்படி ஓடியது. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பாராட்டெல்லாம் நீதிபதிக்கு, தொண்டைக் கட்டு ரேடியோவுக்கு.

இளவட்டம் திடீரென்று சிக்கனத்தைக் கையில் எடுத்தார். பிழை பார்க்க ஒரு ஆள் போதும், இன்னொருவர் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம் என்றார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேனா பிடிக்கிறவர் இருப்பார், கத்துகிறவள் போவாள். ரேடியோவின் வீட்டில் புருஷன் பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறான். அவனுக்கு மருந்தும் சோறும் அவள் சம்பளம்தான்.

நீதிபதி தானாகவே ஆசிரியர் அறைக்குப் போனார். வெளியே வரும்போது பல்லெல்லாம் தெரிந்தது.

"பேசிட்டேன்மா. நாளைக்குப் பக்கத்துல உட்காந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. நாம சேர்ந்து செய்யற அழக ஒரு தடவை பாத்தார்னா ரெண்டு பேரையும் விட மாட்டாரு."

"உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை? உங்க இடம்தான் உறுதியாச்சே."

"நீங்க இல்லாம எனக்கு ஏதும்மா இடம்?"

அந்த வார்த்தைக்கு அவள் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. இரண்டு பேரை வைத்துக்கொள்ளும் உத்தேசமே ஆசிரியருக்குக் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். நாளை ஒருவர்தான் மிஞ்சுவார். அது யார் என்பது தன் இடது கையில் இருக்கிறது என்று வீடு போய்ச் சேருவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. மனசாட்சி உள்ளவர்கள் அன்று புரண்டு புரண்டு படுத்திருப்பார்கள். அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார, ரேடியோ வாசித்தாள். ஏதோ புதுச் செல்போனைப் பற்றிய கட்டுரை. இடது கை மடியில் கிடந்தது. கடவுச்சொல் வந்தது, போனது. நீதிபதியின் பேனா எழுந்து, தட்டலுக்குக் காத்து, இறங்கியது. செயலி வந்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, குரலில் பிசிறும் இல்லை. பதற்றத்தில், சரியாக இருந்த மின்னஞ்சலை அடித்து இமெயில் ஆக்கினார்.

ஆசிரியர் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். "என்ன சார் இது? நான் அனுப்பின சுற்றறிக்கைய நீங்க பிரிச்சே பாக்கலையா?"

நீதிபதி வாயைத் திறந்தார். தட்டும் விஷயத்தை இப்போது போட்டு உடைத்தால் ரேடியோவின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"கண்ணு சரியில்ல சார்" என்றார் அவர்.

ஆசிரியர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதே பக்கத்தை ஒரு சொல் விடாமல் திருத்திக் கொடுத்தாள்.

"உங்களப் போய் இத்தனை வருஷம் வெறுமனே கத்த விட்டிருக்காங்களே!" என்று ஆசிரியர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்த மனுஷரை எதிரே வைத்துக்கொண்டே சிரித்தாள், பாவி. "சார், மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே கணக்க முடிச்சிடலாம்" என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு ஆசிரியர் எழுந்து போனார்.

சாயங்காலம் நீதிபதி மேசையைக் காலி செய்தார். கண்ணாடிக் கூடு, ஒரு துவாலை, அவ்வளவுதான் அவர் சொத்து. பையை மூடிவிட்டு அவள் பக்கம் வந்தார்.

"இடது கை என்னம்மா ஆச்சு? காலையில மடிய விட்டு எடுக்கவே இல்லையே. வலிக்குதா?"

"ஆமா சார். கொஞ்சம்."

"வெந்நீர் ஒத்தடம் குடுங்க. வீட்ல அவரப் புரட்டிப் போடறதும் நீங்கதானே. கையப் பாத்துக்கோங்க."

மறுநாளுக்கான பிரதிக் கட்டு கதவோரம் கிடந்தது. கை வலிக்கிறவள் தூக்கக் கூடாது என்று அவரே அதைச் சுமந்து வந்து அவள் முன்னால் வைத்தார். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வேண்டாம், நானே தூக்கிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லவில்லை.