ஷுக்கூர் பாய் சேர்த்த இருபத்தைந்து பேர்

இன்றைக்கு அப்துல் ஷுக்கூரை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்கே போய்விடுவேன். எண்பத்தாறில் அப்படியில்லை. அவர் பேரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாலக்கோட்டில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். நாலு பாஸ்போர்ட் படம் எடுத்தோமா, வீடு போய்ச் சேர்ந்தோமா என்று இருக்க வேண்டியதுதானே? போட்டோகிராபர் சங்கத்துக்குக் கிளை தொடங்குகிறேன் என்று கிளம்பிவிட்டார். இருபத்தைந்து பேர் சேர்ந்தால்தான் கிளை தருவார்களாம். ஆகஸ்ட் கடைசிக்குள் பட்டியல் போக வேண்டுமாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு, பையில் விண்ணப்பங்களோடு பஸ் ஏறிவிடுவார்.

போன இடத்தில் எடுத்த எடுப்பில் சங்கம் என்றே பேச மாட்டார். காரிமங்கலத்தில் ஒருவருக்குக் கல்யாணத்துக்கு முதல் நாள் ஃபிளாஷ் கெட்டுப்போனதென்று தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். பஞ்சப்பள்ளியில் சந்தைக்குச் சந்தை படம் எடுக்கும் மாரியப்பன், "கடையே இல்லாதவன் பெரிய ஆளுங்களோட உக்கார முடியுங்களா?" என்று கூச்சப்பட்டபோது, "கேமரா புடிச்ச கை எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று அவரை ஏழாவது ஆளாகச் சேர்த்தார்.

மாரண்டஹள்ளியில் ஸ்டுடியோ வைத்திருந்த என்னிடம் மட்டும் அவர் பருப்பு வேகவில்லை. காரணம், எதிர்க்கடை ஞானராஜ். பாஸ்போர்ட் படத்துக்கு என்னைவிட இரண்டு ரூபாய் குறைத்து போர்டு வைத்தவன். ஆறு வருஷமாக நாங்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் முதலிலேயே சங்கத்தில் சேர்ந்துவிட்டான்.

"அவன் இருக்கற எடத்துக்கு நான் வருவனா? வேற வேலயப் பாருங்க பாய்."

நாலு தடவை இப்படித் துரத்தினேன். மனுஷன் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போவார்.

ஐந்தாம் தடவை அவர் வந்தபோது நான் இருட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் கழுவின ஃபிலிம். ஒரு படம்கூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது. கேமராவில் மாட்டும்போது ஃபிலிம் பல்சக்கரத்தில் சரியாக உட்காரவில்லை. எண் மட்டும் முப்பத்தாறு வரைக்கும் ஓடியிருக்கிறது, ஃபிலிம் நகரவே இல்லை. பெண் வீட்டுக்காக நான் எடுத்த கல்யாணம், தாலி கட்டியது முழுக்க அந்த ரோலில்தான். சாயங்காலம் பெண்ணின் அப்பா படம் பார்க்க வருகிறார். இது வெளியே தெரிந்தால் யார் என்னைக் கூப்பிடுவார்கள்? கடையைச் சாத்திவிட்டுத் தக்காளி மண்டிக்கு மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான்.

பாய் ஃபிலிமை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"மாப்ள வூட்டுக்கு யாருங்க படம் எடுத்தது?"

நான் எதிர்க்கடையைப் பார்த்தேன். அவ்வளவுதான், பாய் நேரே அங்கே போய்விட்டார். அவருக்கு வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் நெகட்டிவ் கவரோடு திரும்பி வந்தார்.

"பிரிண்ட் போட்டுக்குங்க. உங்க பேர்லயே குடுத்துக்கச் சொல்லிட்டாருங்க ஞானராஜ்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஃபாரத்தக் குடுங்க பாய், இப்பவே கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

"முன்மொழியற ஆளும் கையெழுத்துப் போடணுமுங்க."

"நீங்களே போட்டுடுங்க."

"நான் போடலீங்க. எதிர்ல போயி வாங்கிக்கிட்டு வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "நாளன்னிக்குக் கடசி நாளு பாய். உங்ககிட்ட இருபத்திநாலு பேர்தான். நான் போகாட்டி?"

"போகாட்டி கிளையே இல்லீங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்காத இருபத்தஞ்சு பேர எழுதிக் குடுத்து நான் என்னங்க பண்றது?"

அடேயப்பா, என்ன பிடிவாதம்! எட்டு மாசம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிச் சேர்த்ததெல்லாம் ஒரு கையெழுத்தில் நிற்கிறது. அந்த மனுஷன் நிதானமாக ஆறின டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்காகத்தான் ரோட்டைத் தாண்டினேன். எனக்காக என்றால் போயிருக்க மாட்டேன்.

ஞானராஜ் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான். ஃபாரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"போன தையில எனக்கும் இதே மாதிரி ரோலு சுத்தாமப் போச்சுங்க. நீங்களும் வந்திருந்த அந்தக் காரிமங்கலம் கல்யாணம். மாப்ள வூட்டுக்காரங்க ஊரே பாக்க வாசல்ல நிக்க வெச்சுத் திட்டுனாங்க."

அந்தக் கல்யாணத்தில் பெண் வீட்டுக்குப் படம் எடுத்தவன் நான். நெகட்டிவ் முழுக்க என் மேசை டிராயரில்தான் கிடந்தது. அவன் வந்து கேட்டிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நான் கொடுத்திருக்க மாட்டேன்.