ஜமால்தீனின் இடம்

விடிவெள்ளி இரண்டு ஆள் ஓட்டுகிற பாய்வள்ளம். ஒருவர் பின்னால் சுக்கான் பிடிக்க வேண்டும். மற்றவர் பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காற்றடிக்கும் பக்கத்து விளிம்பில் குந்தியிருந்து, வள்ளம் சரியாமல் தன் உடம்பாலேயே பாரம் கொடுக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட வள்ளத்தைச் சிலாவத்தை மரியநேசன் பத்து வருடமாகத் தனி ஆளாக ஓட்டினார். விசர், பைத்தியம் என்றது ஊர். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வள்ளம் அவருக்கு மட்டும் சொந்தமல்ல. நீராவிப்பிட்டி ஜமால்தீனும் அவரும் சேர்ந்து கட்டுவித்தது. பெயர் வைப்பதிலேயே முதல் சண்டை. அந்தோனியார் பெயர்தான் என்று இவர் நிற்க, அப்படியென்றால் மறுபக்கத்தில் பிறை கீறுவேன் என்று அவர் நிற்க, கடைசியில் விடிவெள்ளி என்று முடிந்தது. மாதாவுக்கும் அந்தப் பெயர் உண்டு, பிறைக்குப் பக்கத்திலும் அது நிற்கும். இரண்டு பேரும் தங்கள் தங்கள் வீட்டில் போய், வென்றது நான்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். சுக்கான் மரியநேசனுக்கு, பாய் ஜமால்தீனுக்கு. கடலில் ஜமால்தீனின் வாய் ஓயாது. மீனெல்லாம் வெருண்டு ஓடுகிறது என்று மரியநேசன் ஏசுவார். ஏசிவிட்டு, பிறகு என்ன நடந்தது என்று அவரே கேட்பார்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், முஸ்லிம் சனம் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று புலிகளின் கட்டளை வந்தது. கேள்விப்பட்டதும் மரியநேசன் சைக்கிளை மிதித்துக்கொண்டு நீராவிப்பிட்டிக்குப் போனார். ஜமால்தீனும் மனைவி நபீஸாவும் பிள்ளைகளும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிவிட்டிருந்தார்கள். இது அநியாயம் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. மரியநேசனுக்கும் வரவில்லை. அந்த வெட்கம் பிறகு அவரோடேயே குடியிருந்தது.

இயந்திரம் நகரும்போது ஜமால்தீன் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

“காத்து மாறும், வருவன்! என்ர இடத்தில ஆரையும் இருத்திப்போடாத, சொல்லிப்போட்டன்!”

அழுகிற பிள்ளைகளைச் சிரிக்க வைக்கச் சொன்ன கதை அது. மரியநேசன் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை ஓர் உரச்சாக்கில் மணல் நிரப்பி, வாயைத் தைத்து, ஜமால்தீன் குந்தும் விளிம்பில் கட்டினார். ஜமால்தீன் பருத்த ஆள் என்பதால் சாக்கும் பருத்துத்தான் இருந்தது. வள்ளம் திரும்பும் ஒவ்வொரு தரமும் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு, ஓடிப்போய்ச் சாக்கை அவிழ்த்து, மறுபக்கம் இழுத்துக் கட்டிவிட்டு வர வேண்டும். அதற்குப் பயந்தே அவர் திரும்பாமல் ஓடினார். விடியலில் கரைக்காற்றில் நேரே வெளியே போவார், கடல்காற்றில் நேரே உள்ளே வருவார். மீன் எந்தப் பக்கம் பட்டாலும் சரி, அவருடைய கடல் ஒரே ஒரு கோடுதான்.

போரில் மண்ணெண்ணெய்த் தடை வந்து இயந்திர வள்ளங்கள் எல்லாம் கரையில் குப்புறக் கிடந்த காலம் அது. அயலில் இருந்த சுடலைமுத்துவும் தொழில் இல்லாமல் இருந்தான். அவன் வந்து கேட்டான்.

“அண்ணை, நான் பாய் பிடிக்கிறன். தனியப் போய் என்ன காணுறியள்?”

“அது ஆளின்ர இடம்.”

“ஆள் எங்க? சாக்கெல்லோ கிடக்கு!”

“ஆள் வாறமட்டும் சாக்குக் கிடக்கட்டும்.”

சுடலைமுத்து வட்டக்கச்சி வயல்களுக்கு நெல் அருவி வெட்டக் கூலியாகப் போனான்.

மரியநேசனின் மனைவி றோஸ்மேரி முன்னமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆகவே வீட்டிலும் பேச ஆள் இல்லை, கடலிலும் இல்லை. சில நாட்களில், காற்று விழுது பார் என்று சாக்கைப் பார்த்துச் சொல்லிவிடுவார். சொன்ன பிறகுதான் கடல் எவ்வளவு பெரிது என்று தெரியும். ஒருமுறை கச்சான் காற்றில் கட்டு அறுந்து, சாக்கு தாழ்ந்த பக்கம் உருண்டு, வள்ளம் பாதி நிறைந்துவிட்டது. தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிய அவருக்குத் தன் உயிர் ஞாபகம் வரவில்லை. ஜமால்தீன் வந்து வள்ளம் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன் என்பதுதான் பயம்.

இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு, அயல்வீட்டுக் கலிஸ்ரா பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாள். வந்த கையோடு அவரிடம் ஓடி வந்தாள்.

“அண்ணை, ஜமால்தீன் அண்ணையைக் கண்டனான்! புத்தளத்திலயிருந்து வந்து சந்தையடியில சாரம், சட்டை விக்கிறார்.”

மரியநேசன் எழுந்து நின்றுவிட்டார்.

“என்னவாம்? எப்ப வாறானாம்?”

“வாறதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல. அங்க வீடும் கட்டிப்போட்டினமாம். உங்களைத்தான் கேட்டவர். ‘ஆரோட கடலுக்குப் போறார்? என்ர இடத்தில ஒரு நல்லவன் இருப்பான் எண்டு நினைச்சுத்தான் நான் நித்திரை கொள்ளுறனான். அந்தாளுக்குத் தனிய இருக்கேலாது’ எண்டு சொல்லிக் கண் கலங்கினவர். அடுத்த மாசமும் போவன். என்ன சொல்ல?”

மரியநேசன் கடல் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“ஆள் இருக்கெண்டு சொல்லுங்கோ. கதை குறைவு. ஆனால் நல்ல பாரமான ஆள்.”

ஜமால்தீனுக்கு அவர் பொய் சொன்னதே இல்லை. கலிஸ்ரா போன பிறகு கடற்கரைக்குப் போய்ச் சாக்கின் தையலைப் பிரித்து, மணலை மணலிலேயே கொட்டினார். பிறகு, கூலிக்குப் போய்வந்துகொண்டிருந்த சுடலைமுத்துவின் வாசலுக்குப் போய், நாளைக்குப் பாய் பிடிக்க வா என்றார். அவன் ஏன் என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினான்.

அடுத்த விடியலில் சுடலைமுத்து விளிம்பில் குந்தினான். வள்ளத்தைத் திருப்பினபோது தானாகவே மறுபக்கம் தாவினான். விடிவெள்ளி ஒரு கணமும் தயங்காமல் திரும்பியது. அப்போதுதான் மரியநேசனுக்கு அழுகை வந்தது. சாக்கு இருந்த காலமெல்லாம் ஜமால்தீன் இன்றோ நாளையோ வரப்போகிறவராக இருந்தார். இன்றைக்குத்தான் போய்விட்டார்.

சுடலைமுத்து திரும்பிப் பார்க்கவில்லை.

“என்னண்ணை, பேசாமல் இருக்கிறியள்? ஏதும் கதையுங்கோவன்.”

“முந்தி இதில ஒருத்தன் இருந்தவன்” என்று தொடங்கினார் மரியநேசன்.