வேங்கைமட்டத்துக் காய்ச்சல்

சித்திரை மாதத்து நடுப்பகல். ஸ்ரீரங்கத்து வீதியில் கால் வைக்க முடியாத வெயில். கூடத்தில் படுத்திருந்த என் மகன் வரதன் கம்பளி கேட்டான். போர்த்தினோம். இன்னொன்று கேட்டான். பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் சமையலறை வரை கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் உதைத்துத் தள்ளினான். உடம்பில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது.

அவன் வேலை பார்த்த ஊரிலிருந்து வந்து நான்கு நாட்களே ஆகியிருந்தன. அந்த ஊரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. காய்ச்சல்காரரை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தார் இதைப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். எனக்கு அனுதாபம் வேண்டியதில்லை.

நடந்தது ஐம்பதுகளின் பிற்பகுதியில். வரதன் பி.ஏ. தேறியதும் அவனுக்கு ஓர் அலுவலகத்தில் இடம் பார்த்து வைத்திருந்தேன். அவன் அதை மறுத்துவிட்டு, ஆனைமலைக்கு மேலே மழைக்காட்டுக்குள் இருந்த ஓராசிரியர் பள்ளிக்குப் போனான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு பகல் முழுதும் நடக்க வேண்டும். ஊர் என்பது இருபதுக்கும் குறைவான மூங்கில் வீடுகள். காட்டில் தேனும் ஏலக்காயும் எடுக்கும் மக்கள். அவர்கள் சமைத்ததையே அவனும் சாப்பிட்டான். எங்கள் வீதியில் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கோயம்புத்தூரில் ஹைஸ்கூல் உத்தியோகம் என்று சொல்லி வைத்தேன். கேட்டவர்கள் நம்பினார்கள், ஜில்லா கோர்ட்டில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவனின் வார்த்தையை யாரும் சந்தேகிக்கவில்லை.

ஸ்ரீரங்கத்துக்கு வந்த அன்று மாலை அவன் தாயாரிடம் பேசிக்கொண்டிருந்தான். நான் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஆறு மாசம் மழைம்மா. மழை நின்னாலும் மரம் ரெண்டு நாள் சொட்டிண்டே இருக்கும். தீக்குச்சி பத்தாது. சட்டையில காளான் பூக்கும்."

"அப்படியொரு ஊர்ல மனுஷா எப்படிடா இருக்கா?"

"நன்னா இருக்கா. காய்ச்சல்தான் அவாளைத் தின்னுடறது. குழந்தைகளுக்கெல்லாம் இடது பக்கம் வயிறு வீங்கியிருக்கும். கொசு மருந்து அடிக்கிறவன் பாதை முடியற இடத்தோட திரும்பிடறான். பாதை வேணும்னு மனு எழுதியிருக்கோம். ஊர்ல எல்லாரும் முதல் தடவையா கையெழுத்துப் போட்டா. அடுத்த வருஷம் மூணு பேர் அஞ்சாம் கிளாஸ் முடிப்பா. அதுல ஒருத்தியாவது நர்ஸ் வேலைக்குப் படிச்சுட்டு அங்கேயே திரும்பி வந்துட்டா போதும்மா, யாரும் மலையை விட்டு இறங்க வேண்டாம்."

அந்த ஊருக்கு எதிர்காலம் உண்டு என்று அவன் நம்பினான். அங்கே இருந்தால் அவனுக்கு எதிர்காலம் இல்லை என்று நான் நம்பினேன். அதனால்தான் பெண் பார்க்க வரச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தேன். திருவானைக்காவல் சம்பந்தம், ஜாதகம் பொருந்தியிருந்தது.

காய்ச்சல் கண்ட மறுநாள் காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பெண்ணின் தகப்பனார் செய்தி கேட்டு, காபி கூஜாவுடன் வந்துவிட்டார். அவர் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தபோதுதான் டாக்டர் வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் (இடது விலாவுக்குக் கீழே உள்ள, இரத்தத்தை வடிகட்டும் உறுப்பு) சற்று வீங்கியிருப்பதாகச் சொன்னார்.

"தம்பி எங்க வேலை பார்க்கிறார்? மலை, காடு, அந்தப் பக்கம் எங்கயாவது போனதுண்டா?"

கேள்வி வரதனைப் பார்த்துக் கேட்கப்பட்டது. பதில் சொன்னவன் நான்.

"கோயம்புத்தூர்ல ஹைஸ்கூல்ல இருக்கான். மலைக்கெல்லாம் போனதில்லை."

வரதனுக்கு அப்போது நல்ல நினைவு இருந்தது. என்னைப் பார்த்தான். பிறகு கண்களை மூடிக்கொண்டான். பெரியவர்கள் பேசியதைப் பிறர் முன்னிலையில் பிள்ளைகள் மறுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனும் நான்தான்.

டாக்டர் டைபாய்டு (குடலைத் தாக்கும் விஷக்காய்ச்சல்) என்று கருதினார். அதிலும் மண்ணீரல் வீங்கும். ஊரில் அப்போது பலருக்கு அது இருந்தது. அவருக்குக் கிடைத்த பதிலை வைத்து நான் தீர்ப்பெழுத நேர்ந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். மருந்து தொடங்கினார்கள். பெண்ணின் தகப்பனார், "பெருமாள் கிருபையில சரியாயிடும் ஸ்வாமி" என்று சொல்லிக் காபியைக் கொடுத்தார். நான் குடித்தேன்.

மூன்று நாட்கள். காய்ச்சல் இறங்கவில்லை. அந்த மூன்று நாட்களில் வராந்தாவில் டாக்டரைத் தனியே பலமுறை பார்த்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஒவ்வொரு முறையும், முதலில் சொன்னது பொய்யென்று இவருக்குத் தெரிந்துவிடுமே என்ற எண்ணம்தான் வந்தது. டைபாய்டாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை அவனுக்கு வலிப்பு வந்தது. அதன்பின் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. டாக்டர் ஓடிவந்தார். அவர் திரும்பி வராந்தாவுக்கு வந்ததும் என் மனைவி அவர் முன்னால் போய் நின்றாள். என் முன்னிலையில் அந்நியர் ஒருவரிடம் அவள் பேசியது அதுவே முதல் தடவை.

"காட்டுல இருந்தான் டாக்டர். வேங்கைமட்டம்னு ஊரு. ஒரு வருஷமா மழைக்காட்டுலதான் இருந்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"ஐயா, நான் என்ன ஜாதகமா கேட்டேன்? பையன் எங்க தூங்கி எழுந்தார்னுதானே கேட்டேன்!"

இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தார்கள். மலேரியா. அதிலும் மூளையைத் தாக்கும் வகை. கிருமி நிறைந்த இரத்த அணுக்கள் மூளையின் நுண்ணிய குழாய்களை அடைத்துவிடுமாம். அதற்கான கொய்னா மருந்தை உப்புநீரில் கலந்து நரம்பில் ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தான். அவன் தாயார் அழுதாள். பிழைத்துவிட்டான் என்று நானும் எண்ணினேன்.

எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது. கால்கள் அகன்று தள்ளாடின. டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்தியது. பேச்சு குழறியது. சிறுமூளை (நடை, கை, பேச்சு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் பின்மூளை) பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார் டாக்டர். சிலருக்கு மாதங்களில் சரியாகும், சிலருக்கு ஆகாது என்றார். முதல் நாளே கொய்னா கொடுத்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னைத் தடுத்து, "அதை இனிமே பேசி என்னங்க" என்றார். திருவானைக்காவல்காரர் கண்ணியமானவர், காரணம் எதுவும் சொல்லாமல் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்.

ஐப்பசியில் மலையிலிருந்து இருவர் வந்தார்கள். வேங்கைமட்டத்துத் தலைவரும், ஐந்தாம் வகுப்புக்கு வரவேண்டிய ஒரு பெண்ணின் தகப்பனாரும். மூங்கில் குழாயில் தேன் கொண்டுவந்திருந்தார்கள். வாசற்படிக்குக் கீழேயே நின்றார்கள். என் மனைவி உள்ளே வரச் சொன்னாள்.

வரதன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். தலைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "மொத நாளு அட்டைப்பூச்சியப் பார்த்துட்டு சாரு நாக்காலி மேல ஏறிட்டாரு சாமி. சாயங்காலம் வரைக்கும் பாடம் அங்கிருந்துதான். புள்ளைங்க பேரே வச்சிருச்சுங்க, மரக்குரங்கு வாத்தியார்னு."

வரதன் சிரித்தான். வாய் ஒரு பக்கம் கோணியது.

"என்ன காய்ச்சல் சாமி?" என்று தலைவர் கேட்டார்.

சொன்னேன்.

"நம்ம காய்ச்சலா? முகத்தைப் பார்த்தாலே எங்க பொடிசுங்க சொல்லிப்புடுமே. இங்க யாருக்கும் தெரியலையா?"

"எனக்குத் தெரியும்," என்றேன். "உங்க ஊர் பேரைச் சொல்ல வெட்கப்பட்டு டாக்டர்கிட்ட மறைச்சுட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "பேருல என்ன சாமி இருக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு வரதனிடம் திரும்பி, புதிய வாத்தியார் வர மறுத்துவிட்டதையும், பள்ளி பூட்டியிருப்பதையும், மனுவுக்குப் பதில் வராததையும், இரண்டு குடும்பங்கள் அடிவாரத்துக்குக் கூலி வேலைக்கு இறங்கிவிட்டதையும் சொன்னார். வரதன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் அந்த மாணவியின் தகப்பனார் தயங்கிக் கேட்டார்.

"தையில வந்துருவீங்களா சார்?"

வரதன் தன் கால்களைப் பார்த்தான்.

பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மகன் என்னோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், இருக்கிறான். தினமும் காலையில் இருவரும் நடக்கிறோம். நான் எப்போதும் முன்னால் வேகமாக நடந்து பழகியவன். இப்போது அவன் அடுத்த அடியைத் தீர்மானிக்கும் வரை நின்று, பிறகுதான் என் காலை எடுக்கிறேன். என் கால்கள் எனக்குச் சொந்தமல்ல என்று தோன்றுகிறது. நான்கு வீடு தாண்டுவதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. அந்த மூன்று நாட்கள் மட்டும் போக மறுக்கின்றன.

வழியில் புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது அவன் எங்கே வேலை பார்த்தான் என்று கேட்பதுண்டு. அவன் சொல்ல முயல்கிறான். நாக்கு அந்தப் பெயரில் சிக்கிக்கொள்கிறது. கேட்டவர் புரியாமல் என்னைப் பார்க்கிறார். அவன் முயன்று முடிக்கும் வரை காத்திருக்கிறேன். பிறகு வீதியில் எல்லோருக்கும் கேட்கும்படி நான் சொல்கிறேன்: வேங்கைமட்டம்.