குடோனில் ஒரு கட்டில்

மலைமேல் மஞ்சக்குட்டையில் நான் பிறந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் திறந்து, "யார் வேணும்?" என்றார். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த பெங்களூர்க்காரராம். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு யார் வேண்டும் என்று சொல்வது? நல்லவேளை, தம்பி மனைவி ஸ்டெல்லா பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். "வாங்க மாமா, இப்படிக்கா வாங்க. ரூமெல்லாம் வாடகைக்கு உட்டுட்டமுங்க. உங்களுக்குக் குடோன்ல கட்டில் போட்டிருக்குதுங்க."

குடோனா!

கடல் தாண்டிக் கிள்ளான் துறைமுகத்தில் இத்தனை வருஷமும் என் பிழைப்பே அதில்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் ரஹ்மான் "பெர்கி கூடாங்" என்று கையை நீட்டினார். கிடங்குக்குப் போ என்கிறார். அட, நம்ம எஸ்டேட் குடோனை இந்த மனுஷனும் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று பூரித்துப்போய், "எங்க ஊர் வார்த்தை" என்று அரைகுறை மலாயில் மார்தட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "இது எங்கள் பாஷை" என்றார். அங்கேயே பிறந்து வளர்ந்த கிளார்க் பரமேஸ்வரி அக்காதான் நடுவில் புகுந்து சொன்னார்: தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி, வியாபாரிகளோடு கப்பலேறி மலாயில் கூடாங், அதை வெள்ளைக்காரன் கோடவுன் ஆக்கி நம் மலைக்கே கொண்டுவந்தான். முதலில் எங்கிருந்து புறப்பட்டது என்று படித்தவர்களுக்குள் இன்னும் சண்டையாம். அசந்துபோனேன். ஊரைவிட்டுப் போன வார்த்தை வேறு முகத்தோடு வந்தும் நம் சனங்கள் உள்ளே சேர்த்துக்கொண்டார்களே! என்னையும் சேர்த்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில்தான், கூடாங் சாவியை ரஹ்மானிடம் கொடுத்துவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டேன். வீட்டில் வருகிறேன் என்று மட்டும்தான் சொன்னேன், திரும்பிப் போவதில்லை என்று சொல்லவில்லை. நேரில் சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஸ்டெல்லா காப்பி கொண்டுவந்தாள். "நொம்பக் குளிருதுங்களா மாமா? எஸ்டேட்ல இருந்து காப்பி மூட்டை இங்கதானுங்க வரோணும். எப்பங்க ஊருக்குக் கெளம்பறீங்க?"

ஊருக்கா? தூக்கிவாரிப்போட்டது.

"இதுதானேம்மா ஊரு. நான் இனிப் போகப்போறதில்ல."

அவளுக்குக் கோபமில்லை, வெறுப்பில்லை, பாவம், நிஜமாகவே திகைத்துவிட்டாள். கட்டிலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "அப்ப மூட்டைய எங்கீங்க மாமா போடறது?"

தம்பி சேவியர் வந்து, "ஏனுங்கண்ணா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?" என்றபடி கட்டிலை ஓரமாகத் தள்ளிப் பார்த்தான். அப்படியும் இடம் பத்தவில்லை. அந்த நேரம் பார்த்து ரஹ்மானிடமிருந்து போனில் செய்தி. புது ஆள் கிடைக்கவில்லையாம், கூடாங் சாவி இன்னும் நான் வழக்கமாக மாட்டும் ஆணியில்தான் தொங்குகிறதாம். என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் காப்பி மூட்டைகளோடு எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. எழுந்துபோய் முதல் மூட்டைக்குத் தோள் கொடுத்தேன். உள்ளே வேறு இடம் இல்லை, என் கட்டில்மேலேயே இறக்கி வைத்தேன்.