அக்கா நிறுத்திய பாட்டு

அக்கா எங்களைவிட்டுக் கர்த்தரிடம் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு. சபை வெளியிடும் நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது அத்தான், "நல்லதா நாலு வார்த்த எழுது மாப்ள" என்றார்கள். அக்காவின் நல்லதை எழுத வேண்டுமானால் என் கெட்டதையும் எழுதியாக வேண்டும்.

அக்கா சாத்தான்குளம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார்கள். அப்பா சீக்கிரமே இறந்துபோக, படிப்பை விட்டுத் தையல் வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்தார்கள். திருமணமாகி அத்தானோடு சேரப்பணஞ்சேரிக்கு வந்தபின் என்னையும் இங்கே அழைத்துக்கொண்டார்கள். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருந்தார்கள். மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்காமல் தாம் சாப்பிடமாட்டார்கள்.

அந்த விடுதியிலிருந்த ஒடிசாப் பிள்ளைகளில் சிலர் கிறிஸ்தவர்கள். அக்கா அவர்களை எங்கள் சபைக்கு அழைத்து வந்தார்கள். அங்கே கீபோர்டு வாசிப்பவன் நான். ஆவியானவர் இறங்கிச் சீடர்கள் பல பாஷைகளில் பேசியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே திருநாளன்று, அவர்களில் சலோமி என்ற பெண்ணை ஒடியாவில் ஒரு வசனம் வாசிக்கவைத்தேன். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைகள் பழையபடி கடைசி வரிசையில் இருந்தார்கள்.

சில வாரங்களில் சலோமியின் அப்பா ஊரில் இறந்துபோனார். அவள் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்பதால் இங்கேயே இருந்துவிட்டாள். வேலைக்கு வேண்டிய தமிழ் அவளுக்கு வரும், அழுவதற்கு வேண்டிய தமிழ் வராது. அந்த ஞாயிறு பொது ஜெப வேளையில் அக்கா அவளை முன்னே கூட்டிவந்து, "ஒம் பாஷையிலயே ஜெபி" என்றார்கள்.

அவள் அழுதுகொண்டே ஜெபித்தாள். ஜெபம் நீண்டது. என் பக்கத்திலிருந்த குன்றத்தூர்க்காரரான சபை மூப்பர், "இன்னாபா இது, ஒண்ணுமே புரியல. டைம் ஆவுது, பாட்ட ஆரம்பி" என்றார். நான் ஆரம்பித்தேன். அவள் குரல் அமுங்கிப்போனது.

அக்கா விறுவிறுவென்று வந்து என் கையைப் பிடித்தார்கள்.

"நிப்பாட்டுல. அவ முடிக்கட்டும்."

"யாருக்கும் புரியலியேக்கா."

"ஒங்கிட்டயால பேசுதா? யார்ட்ட பேசுதாளோ அவருக்கு வெளங்கும்."

பாட்டு நின்றது. ஆனால் சலோமியும் நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

அக்கா வீட்டிலும் சண்டை தொடர்ந்தது. "பாபேல் கோபுரத்துல செதறின பாஷைகள பெந்தெகொஸ்தேல ஆண்டவர் ஒண்ணாக்கலியா?" என்று கேட்டேன்.

"எங்கல ஒண்ணாக்குனாரு? அவனவன் பாஷையில அவனவன் கேட்டான்னுல்லா இருக்கு. ஒரே பாஷ பேசி கோபுரம் கட்டுனவனுவதான் ஆண்டவரையே மறந்தானுவ."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு மாதம் அக்கா வீட்டுப் படி மிதிக்கவில்லை. கடைசியில் மிதிக்கவைத்தது அவர்களுடைய நோய்தான்.

ஆஸ்பத்திரியில் சலோமி இருந்தாள். ஷிப்ட் முடிந்து நேரே வந்து அக்காவுக்குத் தலை வாரிவிடுவாள், துணி அலசிப் போடுவாள். அக்கா என்னிடம், "அவட்ட ஒரு வார்த்த சொல்லிரு தம்பி" என்றார்கள். "சரிக்கா" என்றேன். சொல்லவில்லை. அக்கா போய்விட்டார்கள்.

சகல பாஷைக்காரரும் பரலோகத்தில் சிங்காசனத்தின் முன் நிற்பார்கள் என்று வேதம் சொல்லுகிறது. எத்தனை முறை வாசித்திருக்கிறேன்! அங்கேயும் பாஷைகள் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரே சபை என்றால் எல்லாரும் என்னைப்போல் ஜெபிப்பது என்றே இருந்துவிட்டேன். அடுத்தவர் ஜெபம் முடியும்வரை பேசாமல் நிற்க எனக்குத் தெரியவில்லை, அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

அக்காவைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், ஜெபித்த ஆயர் ஐயாவுக்கும், தினமும் தம் காரைத் தந்த மூப்பர் ஐயாவுக்கும், விடுதிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சலோமிக்கு நன்றி சொல்லுமுன் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த மலரை அவளால் வாசிக்க முடியாது. ஆகவே அவளுடைய தோழி ஒருத்தியிடம் நாலு வாக்கியம் ஒடியாவில் கற்றுவருகிறேன். நினைவு ஆராதனையில் முன்னே வந்து சொல்லப்போகிறேன். தடுமாறுவேன், நேரமாகும், உங்களில் பலருக்கு ஒன்றும் புரியாது. நான் முடிக்கும்வரை தயவுசெய்து பொறுத்திருங்கள்.